மகளை அழைத்துவரக் காஞ்சிபுரம் போனோம்

திருச்சிக்கு வடக்கே இருப்பதெல்லாம் என் மனைவி கோமதிக்கு வெளிநாடு. வெளிநாடு போகிறவர்கள் எப்படி மூட்டை கட்டுவார்களோ அப்படித்தான் அவளும் கட்டினாள். உளுந்து மாவு, கருப்பட்டி, நல்லெண்ணெய், சுக்குப்பொடி, வத்தல் வகைகள். கடைசியாக அரிவாள்மணையை ஒரு பழைய வேட்டியில் சுற்றினாள்.

"அங்கயும் அரிவாள்மணை இருக்கும்" என்றேன்.

"இருக்கும். வெட்டணும்லா?" என்றாள்.

போகிற காரியம் இதுதான். எங்கள் ஒரே மகள் சுபா காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஏழாவது மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு அவளைத் தலைப்பிரசவத்துக்குப் பாளையங்கோட்டைக்கு அழைத்துவர வேண்டும். காதல் கல்யாணம். எங்களைக் கேட்காமல் அவள் தேர்ந்தெடுத்த ஊர் என்பதால், அந்த ஊரில் குறை கண்டுபிடிக்கும் உரிமை எங்களுக்கு முழுதாக இருந்தது. கோமதி அந்த உரிமையை ஒருநாளும் வீணாக்கியதில்லை.

சம்பந்தி வீடு பிள்ளையார்பாளையத்தில். முன்கூடத்தை இரண்டு தறிகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அவை விட்டுவைத்த இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். நாங்கள் உள்ளே நுழைந்தபோது சம்பந்தி ஏகாம்பரம் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி "வாங்க" என்றார். முதல் நாள் முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். மீதிப் பேச்செல்லாம் அவர் மனைவி வசந்தாவுடையது.

"வாங்க சம்பந்தி, வாங்க. உள்ள வந்து குந்துங்க."

கோமதியின் முகம் மாறியது. எங்கள் பக்கத்தில் குந்துவது என்பது தோட்டத்துப் பக்கம் ஒதுங்கிப் போனவர்கள் செய்வது. இங்கே அது உட்காருவதற்கான மரியாதையான சொல் என்று அவள் காதில் கிசுகிசுத்தேன். அவள் உட்கார்ந்தாள், ஆனால் குந்தவில்லை என்பது தெரியும்படி உட்கார்ந்தாள்.

"நாஷ்டா ஆச்சா?"

இதற்கும் என்னைப் பார்த்தாள். காலைப் பலகாரம் என்றேன். அன்று முழுக்க நான் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம்வரை வண்டி ஒழுங்காகவே ஓடியது. காப்பி கொடுக்கும்போது வசந்தா கோமதியின் கையை அன்பாகப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"இன்னும் ரெண்டே மாசம். அப்பால நீங்களும் ஆயா, நானும் ஆயா."

எங்கள் ஊரில் ஆயா என்றால் பால்வாடியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறவர். பாட்டியை ஆச்சி என்போம். கோமதி காப்பியை முழுதாகக் குடிக்காமல் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். நானும் போனேன்.

"கேட்டீயளா? பிள்ளை பெறக்கதுக்கு முன்னாலயே என்னை வேலைக்கு வச்சிட்டா!"

சுபா வந்து, இங்கே பாட்டிக்கு அதுதான் பெயர் என்று விளக்கிய பிறகுதான் ஆறினாள். ஆறியபின்னும், "ஆச்சின்னு சொல்லப் பழக்கணும்" என்று யாருக்கோ உத்தரவு போட்டாள். அந்த யாரோ இன்னும் பிறக்கவில்லை.

பெரிய சிக்கல் சமையலறையில் வந்தது. கோமதியை அதற்குள் விடவே இல்லை. விருந்தாளி வேலை செய்தால் வீட்டுக்காரிக்கு அவமானம் என்று வசந்தா நினைத்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய தண்டனை கோமதிக்கு இல்லை. உள்ளேயிருந்து தாளிக்கும் சத்தம் வரும்போதெல்லாம் அவள் உடம்பு ஒரு முறை எழுந்து உட்கார்ந்தது. "கடுகு வெடிக்கதுக்கு முன்னால பருப்பைப் போட்டுட்டாவ" என்பாள் என்னிடம். சாப்பிடும்போது, "ரொம்ப நல்லாருக்கு மதினி" என்பாள் வசந்தாவிடம்.

விளக்கு வைத்தபின் சுபா என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டாள். துணி எடுக்க என்றுதான் சொன்னாள். கொடியில் ஒரே ஒரு துண்டு கிடந்தது.

"அப்பா, நான் ஊருக்கு வரல. டெலிவரி இங்கயே வச்சிக்கிடுதேன்."

நான் அந்தத் துண்டை எடுத்து மடித்தேன்.

"டாக்டர் இங்க இருக்கா. வேலையும் வீட்டுலருந்தே பாக்கேன். அதெல்லாம் இருக்கட்டும். உங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுதேன். அங்க வந்தா அம்மா பாத்துக்கிடுவா. எத்தனை வாய் தின்னேன், எத்தனை தடவை புரண்டு படுத்தேன், எல்லாத்தையும் பாத்துக்கிடுவா. இங்க என்னை யாரும் பாத்துக்கிடல அப்பா. அதான் நிம்மதியா இருக்கு."

"உங்க அத்தைட்ட கேட்டியா?"

"உங்க மாப்பிள்ளை சொல்லிட்டாரு. அத்தை ஒண்ணும் சொல்லல."

"அப்ப அம்மாகிட்ட சொல்லிரு."

"நானா?" என்றாள். அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் என் பயணம் அதோடு கெட்டது. "நீங்கதான் சொல்லணும்ப்பா."

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வாழ்நாளெல்லாம் வகுப்பில் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். 'மகள் வரவில்லை' என்பது இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லை ஒருத்தியிடம் சொல்ல, மறுநாள் காலையிலிருந்து காஞ்சிபுரத்தைச் சுற்ற ஆரம்பித்தேன்.

காலையில் பக்கத்து வீட்டு ரத்தினம்மா எங்களைப் பார்க்க வந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கூட அவர் மருமகளும் வந்திருந்தாள். எங்களிடம் தமிழில் இரண்டு வார்த்தை நலம் விசாரித்துவிட்டு, கோமதியைப் பார்த்தபடி மருமகளிடம் தெலுங்கில் நீளமாக ஏதோ சொன்னார். சொல்லச் சொல்ல மருமகள் உச்சுக்கொட்டினாள். முடிவில் இருவரும் என்னையும் ஒரு பார்வை பார்த்தார்கள்.

வசந்தாவுக்குத் தெலுங்கு தெரியும். அவர் அவசரமாக, "உங்க கம்மல் ரொம்ப நல்லா இருக்குதாம் சம்பந்தி" என்றார்.

அத்தனை நீள வாக்கியத்தில் அத்தனை சின்னக் கம்மலா என்று எனக்குத் தோன்றியது. கோமதி சிரித்து, "கல்யாணத்துக்கு எங்க அம்மை போட்டது" என்றாள்.

பிறகு நாங்கள் இருவரும் வரதராஜப் பெருமாளைப் பார்க்கச் சின்ன காஞ்சிபுரத்துக்குப் புறப்பட்டோம். ஷேர் ஆட்டோ. எங்கள் ஊர் ஆட்டோவில் மூன்று பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிட்டது என்போம். இங்கே டிரைவரின் இருபுறமும் ஆள் தொங்கிய பின்பும், "உள்ள தள்ளி குந்துங்கபா, இடம் இருக்குது" என்கிறார்கள். என் மடியில் முன்பின் தெரியாத ஒருவருடைய பட்டு நூல் மூட்டை வந்து உட்கார்ந்தது. அவர் அதற்காக வருத்தம் தெரிவிக்கவில்லை. வண்டி குலுங்கும்போது, "பாத்துப் பிடிங்க, கசங்கிடும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த நெரிசலில்தான் எனக்குத் தைரியம் வந்தது. இத்தனை பேர் நடுவில் கோமதியால் சத்தம் போட முடியாது. வாக்கியத்தை மனதுக்குள் அமைத்தேன். 'சுபாவுக்கு ஒரு யோசனை' என்று ஆரம்பிக்கலாமா, 'டாக்டர் சொல்கிறார்' என்று ஆரம்பிக்கலாமா? டாக்டர்மேல் போடுவதே நல்லது என்று முடிவு செய்து நிமிர்ந்தபோது வெளியே வயல் தெரிந்தது.

"வரதர் கோயில் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"அது போயி எந்நேரம் ஆச்சு! எறங்குறவங்க வாயத் தொறந்து சொல்லணும்ல?" என்றார் டிரைவர். என்னைப் பற்றி அந்தப் பயணத்தில் சொல்லப்பட்டதிலேயே சரியான கருத்து அதுதான்.

ஐயம்பேட்டையில் இறங்கினோம். வந்தது வந்தோம் என்று டீ குடித்தோம். எதிரே தெருவில் நடமாட்டம் குறைவு. இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"கோமதி, ஒரு விஷயம்."

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். "சொல்லுங்க."

"டீயில இஞ்சி போட்டிருக்கான்."

"ஆமா" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கிளாஸைக் கழுவி வைத்தாள். டீக்கடையில் கிளாஸ் கழுவி வைத்தது அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்து கோயிலுக்குப் போனோம். தங்கப் பல்லியைத் தொட வரிசை நின்றது. ஒவ்வொருவரும் ஏறி விட்டத்திலிருந்த பல்லியைக் கை நீட்டித் தொட்டு, தலைமுதல் கால்வரை தடவிக்கொண்டார்கள். கோமதியும் தொட்டாள். இறங்கும்போது கண் நிறைந்திருந்தது, முந்தானையால் துடைத்தாள். பக்தி என்று நினைத்துக்கொண்டேன். பக்தியில் இருக்கிறவளிடம் இதைச் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே விடுப்பு கொடுத்துக்கொண்டேன்.

வெளியே கோயில் இட்லி வாங்கிச் சாப்பிட்டோம். மூங்கில் குடலையில் வேகவைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட இட்லி. எனக்குப் பிடித்தது. கோமதி ஒரு துண்டு வாயில் போட்டு நெடுநேரம் யோசித்தாள். "இது இட்லி இல்ல. கஷாயத்தை ஆவியில வச்சிருக்காவ" என்றாள். பிறகு, "பிள்ளைத்தாச்சிக்கு நல்லதுதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை குமரன் என்னை பைக்கில் திருமுக்கூடலுக்கு அழைத்துப்போனார். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல் மாமனாருக்கு ஊர் சுற்றிக்காட்டுகிறார் என்றால் காரியம் இல்லாமல் இருக்காது. மூன்று ஆறுகள் கூடும் இடம் என்றார். ஆறுகள் அன்று வரவில்லை, மணல் மட்டும் கூடியிருந்தது. பழைய கோயில். சுவரெல்லாம் சோழர் காலத்துக் கல்வெட்டு. அந்தக் காலத்திலேயே இங்கே ஒரு ஆஸ்பத்திரி நடந்ததையும், அதில் யார் யார் வேலை பார்த்தார்கள், என்னென்ன மருந்து வைத்திருந்தார்கள் என்பதையும் வெட்டிவைத்திருக்கிறார்களாம். எல்லாவற்றையும் எழுதிவைத்தவர்கள், மனைவியிடம் ஒரு செய்தியை எப்படிச் சொல்வது என்று மட்டும் எழுதாமல் போய்விட்டார்கள்.

"மாமா, அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்."

"நீங்க சொன்னா அத்தை கேட்டுப்பாங்க. உங்க வீட்ல நீங்க சொல்றதுதான் ஃபைனலாமே. சுபா சொன்னா."

கல்யாணத்துக்கு முன்பு பையன்களிடம் பெண்கள் என்னென்ன பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "மாப்ள, உங்க அம்மாவுக்கு இதுல சம்மதம்தானா?"

"அம்மாவுக்கு ஓகேதான் மாமா. ஒண்ணும் சொல்லலியே."

பெண்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் மாவட்டத்து வழக்கம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். பாலாற்றங்கரையிலும் அதே வழக்கம் இருக்கிறது. அதை மட்டும் ஊர்களுக்குள் ஒற்றுமை என்று குறித்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் மாப்பிள்ளை ஒரு கும்பிடே போட்டுவிட்டார். நாளைக்குள் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தேன். அன்றிரவு கோமதி வெள்ளனவே படுத்துத் தூங்கிவிட்டாள். தூங்கினாள் என்றுதான் நான் நம்பினேன்.

வளைகாப்பு அன்று முன்கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தறிகளுக்குமேல் சேலையைப் போர்த்தி, அதன்மேல் சீர்வரிசைத் தட்டுகளை அடுக்கிவிட்டார்கள். சுபா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி, கண்ணாடி வளையல் போட்டார்கள். கோமதிக்கு அன்று சமையலறைக் கதவு திறந்தது. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று அத்தனை சாதமும் அவள் கையால்தான். அரிவாள்மணை வேட்டியைக் கழற்றி வெளியே வந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஏகாம்பரத்தின் அக்கா, உத்திரமேரூரிலிருந்து வந்தவர், வெற்றிலையை மடித்துக்கொண்டே உரக்கக் கேட்டார்.

"இன்னா சம்பந்தி, பொண்ண என்னிக்கு கூட்டிக்கினு போறீங்க?"

கூடத்தில் சத்தம் அடங்கியது. சுபா என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். வசந்தா தரையைப் பார்த்தார். ஏகாம்பரத்தைத் தேடினேன், காணவில்லை. நான் தொண்டையைச் செருமினேன். "அதாவது" என்றேன்.

"அவ வரல மதினி" என்றாள் கோமதி. கையில் கரண்டி இருந்தது. குரலில் ஒரு ஆட்டமும் இல்லை. "டாக்டரம்மா இங்க இருக்காவ. வேலையும் இங்க இருக்கு. இந்த உடம்போட எதுக்கு அவளை அலைக்கணும்? இங்கயே பெறட்டும்."

சுபாவின் முகம் மலர்ந்தது. அம்மாவைக் கட்டிக்கொள்ள எழப் போனாள்.

"முதல் பேறுக்குத் தாய் பக்கத்துல இருக்கணும்லா? அதனால நானும் போகல. பிள்ளை பெறந்து தலை நிக்க வரைக்கும் இங்கதான் இருக்கப் போறேன்."

மகள் எழுந்தவாக்கில் மெல்ல உட்கார்ந்தாள். வளையல்கள் மட்டும் சத்தம் போட்டன.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வசந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கோமதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் ஓடியது.

"சம்பந்தி, நீங்க தெய்வம்மா. எனக்கு எத்தினி நாளா தூக்கம் இல்ல தெரியுமா? இவுங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிக்கினு வந்து சொன்னாங்க. முடியுமா முடியாதான்னு என்னைய யாரு கேட்டாங்க? பொடவைங்கள கடைக்கு எடுத்துக்கினு நான்தான் போவணும், நான்தான் வரணும். இவனப் பெத்து எவ்ளோ காலம் ஆச்சு, பச்சப் புள்ளைய எப்டி குளிப்பாட்டுறதுன்னே மறந்துட்டேன். வேணாம்னு எப்டி சொல்றது? மருமகளப் பாத்துக்க மாட்டேன்னுட்டாளாம்னு ஊரே பேசும்ல?"

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு மதினி. நீங்க கவலைப்படாதீய" என்றாள் கோமதி.

மாப்பிள்ளை தன் அம்மாவை முதல்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். உள் அறையில் ஒதுக்கிப் போட்டிருந்த ராட்டை சுற்றும் சத்தம் கேட்டது. விசேஷ நாளென்றும் பாராமல் ஏகாம்பரம் நூல் சுற்றப் போயிருந்தார். மூன்று நாள் குழப்பத்துக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. வீட்டில் பேச்சு கனக்கும்போதெல்லாம் அவருக்கு வேலை வந்துவிடுகிறது.

கூட்டம் கலைந்த பிறகு கோமதி பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"ஒனக்கு யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டம்மா."

"அவுக கம்மலைப் பத்திலா பேசுனாவ?"

"கம்மலைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல. 'பாவம், மூட்டை மூட்டையாக் கொண்டுவந்து எறக்கியிருக்கா, பொண்ணு வரமாட்டான்னு இவளுக்குத் தெரியாது போலிருக்கு. புருஷனுக்குத் தெரியும், முழியைப் பாரு'ன்னா."

"ஒனக்குத் தெலுங்கு தெரியுமா?"

அவள் கையிலிருந்த அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். "கோவில்பட்டிப் பக்கம் எங்க தெருவுல எங்க வீடு ஒண்ணுதான் தமிழ். நான் விளையாண்டது, சண்டை போட்டது எல்லாம் தெலுங்குலதான். கல்யாணம் ஆகி ஒங்க வீட்டுக்கு வந்த பெறவு யார்ட்டப் பேச?"

அவளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவளுக்கு இன்னொரு பாஷை உண்டு என்பதை ஒரு பின்கட்டில், பாத்திரம் கழுவும்போது தெரிந்துகொண்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்றும், பேசாததை இல்லை என்றும் எடுத்துக்கொண்டு நானும் மாப்பிள்ளையைப் போலவே காலம் தள்ளியிருக்கிறேன்.

"தெரிஞ்சதும் என்கிட்ட கேட்டிருக்கலாம்லா?"

"நீங்க எப்பச் சொல்லுதீயன்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஐயம்பேட்டையில சொல்லிருவீயன்னு நெனச்சேன். இஞ்சியைச் சொன்னீய."

"கோயில்ல அழுதியே, அது..."

"மக வேண்டாம்னுட்டாளேன்னு வருத்தம் இருக்காதா? பெருமாள்ட்ட அழுதேன். அழுதபெறவு யோசிச்சேன். அவ வரமாட்டேன்னுதான சொன்னா. என்னை வரக்கூடாதுன்னு சொல்லலியே."

மறுநாள் நான் மட்டும் புறப்பட்டேன். விடிந்ததிலிருந்து சமையலறையில் இரண்டு பெண்களின் குரலும் கேட்டுக்கொண்டே இருந்தது. பருப்பு முதலிலா கடுகு முதலிலா என்பதில் இன்னும் உடன்பாடு வரவில்லை. ஆனால் சுபா காலையில் ஒரு இட்லி குறைவாகச் சாப்பிட்டாள் என்பதில் இருவரும் ஒரே கருத்தாக இருந்தார்கள். ஒருத்தி உளுந்தங்களியோடும் ஒருத்தி பால் டம்ளரோடும் அவள் பின்னால் நடந்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டி அலுவலக மீட்டிங்கில் இருந்தவளின் வாயில், அவள் பேச்சை நிறுத்திய இடைவெளியில், ஒரு உருண்டை களி போய்ச் சேர்ந்தது.

மீட்டிங் முடிந்ததும் என்னிடம் ஓடிவந்தாள். "அப்பா, பிளீஸ்ப்பா. அம்மாவை எப்படியாவது கூட்டிட்டுப் போயிருங்க. நீங்க சொன்னா கேப்பா."

"நீயே சொல்லு" என்றேன். சொல்லிவிட்டு என் பையை எடுத்துக்கொண்டேன். அந்தப் பயணத்தில் நான் தயங்காமல் சொன்ன ஒரே வாக்கியம் அது.

வழியனுப்ப யாருக்கும் நேரமில்லை. கோமதி வாசல்வரை வந்து, கேஸை மூடிவிட்டுப் படுக்கும்படி சொன்னாள். பஸ் ஸ்டாண்டுவரை ஏகாம்பரம்தான் வந்தார். என் பையை என்னிடம் தராமல் அவரே சுமந்து வந்தார். நான் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவர் பையை நீட்டிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி, நீங்க குடுத்து வெச்சவரு" என்றார்.

"ஏன் அப்படிச் சொல்லுதீய?"

"கெளம்பிட்டீங்கல்ல."

பஸ் நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். பிள்ளையார்பாளையம் போகிற ஷேர் ஆட்டோ ஒன்று அவர் பக்கத்தில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் அதைக் கையசைத்து அனுப்பிவிட்டு, டீக்கடை பெஞ்சில் போய், நாள் முழுக்க வேறு வேலை இல்லாத மனிதரைப்போல, நிதானமாகக் குந்தினார்.